பழுத்த அன்னிக்கே ஃப்ரீசர்ல போட்டுடுங்க

மே மாசம்னா எங்க வீட்டுக்கு மாம்பழம் பெட்டியா தான் வரும். நாலு நாள் செங்காயா இருந்துட்டு அஞ்சாவது நாள் மொத்தமும் ஒண்ணா பழுத்து நிக்கும், வீடே மணக்கும், ஆனா எவ்வளவு தான் சாப்பிட முடியும்? நிறைய வீட்ல என்ன பண்றாங்கன்னா நல்ல பழத்தை எல்லாம் முதல்ல சாப்பிட்டுட்டு, கடைசில தொட்டா அமுங்கி லேசா புளிச்ச வாடை வர ஆரம்பிச்சதை தான் ஃப்ரீசருக்கு தள்றாங்க. அதை அப்படியே திருப்பி போடுங்கன்னு சொல்லத்தான் இந்த போஸ்ட். ஃப்ரீசர் எந்த பழத்தையும் நல்லதாக்காது, உள்ள போனப்போ என்ன ருசி இருந்துச்சோ அதை பிடிச்சு வெக்கும், அவ்வளவு தான். அதனால காம்புக்கிட்ட மோந்து பார்த்தா கமகமன்னு இருக்கும் பாருங்க, அந்த நாளே வெட்டி உள்ள போட்டுடணும்.

மாம்பழத்துல நார் இல்லாத ரகம் தான் இதுக்கு சரி. பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், மல்கோவா மூணுமே அருமையா வரும். சீசன் கடைசில வர்ற நீலமும் நல்லா இருக்கும், ஆனா கொட்டைக்குள்ள வண்டு இருக்கலாம், அதனால ஒவ்வொரு பழமா வெட்டி பார்த்துட்டு தான் மிக்ஸில போடணும். கார்பைடு கல்லு வெச்சு பழுக்க வெச்ச பழம் வெளிய மஞ்சளா இருந்தாலும் உள்ள வெள்ளையா புளிப்பா இருக்கும், அதை ஃப்ரீசர்ல வெக்கறது இடத்துக்கு தான் கேடு. தண்ணி சேர்க்காம அரைச்சு, ஜிப் கவர்ல ஒரு கப் அளவு ஊத்தி, காத்தை எல்லாம் வெளிய தள்ளி மூடி, தட்டுல படுக்க வெச்சு உறைய விடுங்க. பலகை மாதிரி தட்டையா ஆனப்புறம் புக்கு அடுக்குற மாதிரி நிக்க வெச்சா இடமும் மிச்சம், உருகறதும் சீக்கிரம். பெரிய டப்பால மொத்தமா ஊத்தி வெச்சா ஒரு கப்புக்காக முழுசையும் உருக்க வேண்டி வரும், திரும்ப உறைய வெக்கவும் கூடாது, ஏன்னா குளிர்ல கிருமி எல்லாம் செத்துடறது இல்ல, தூங்கிட்டு தான் இருக்கும், உருகின உடனே வேலையை ஆரம்பிச்சுடும். என்ன செய்யப்போறோம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு அந்த அளவுக்கு கவர் போடுங்க. எங்க வீட்ல ஒரு கப் கேசரிக்கு, அரை கப் லஸ்ஸிக்கு. தீபாவளிக்கு மாம்பழ கேசரி வெச்சா வர்றவங்க எல்லாம் இந்த மாசத்துல ஏது மாம்பழம்னு கேப்பாங்க, அந்த சந்தோஷத்துக்காகவே பண்ணலாம்.

பழத்தை துண்டா வெக்கணும்னா தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி உறைஞ்சப்புறம் கவர்ல கொட்டணும், இல்லன்னா ஒரே கல்லா ஆயிடும். பண்ருட்டி பலாவுல வருக்கையா, அதாவது சுளை கெட்டியா இருக்கற ரகமா இருந்தா சுளையை கொட்டை எடுத்துட்டு இப்படியே வெக்கலாம். துண்டு உருகினா பழைய கெட்டித்தன்மை இருக்காது, பழத்துக்குள்ள இருக்கற தண்ணி ஐஸாகும்போது உள் சுவரை எல்லாம் கிழிச்சுடும், அதனால தான் தொளதொளன்னு ஆகுது. ஜூஸ், பாயசம், கேக்குக்கு அது ஒரு குறையே இல்ல.

வாழைப்பழம் மட்டும் தனி கணக்கு. அது தோல் கரும்புள்ளி விழுந்து நல்லா குழைஞ்சப்புறம் தான் கேக்குக்கு ஏத்தது, மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையா மாறி இருக்கும். தோலை உரிச்சுட்டு வெச்சிடுங்க, தோலோட வெச்சா கன்னங்கரேல்னு ஆகி உரிக்கவும் கஷ்டம். உருகும்போது தண்ணி விடும், தயவுசெஞ்சு அதை கொட்டாதீங்க, இனிப்பும் வாசனையும் அதுல தான் இருக்கு. கேக்குக்கு கணக்கு இது தான்: இப்படி குழைஞ்ச பெரிய பச்சை வாழைப்பழம் மூணு (பச்சைங்கறது ரகத்தோட பேர், காய் இல்ல), ஒண்ணரை கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், கால் கப் தயிர், ஒரு டீஸ்பூன் சோடா, துளி உப்பு, 180 டிகிரில முக்கால் மணி நேரம். முட்டை வேண்டாம்.

அந்த கேக்கையும் ஃப்ரீசர்ல வெக்கலாம், இது நிறைய பேருக்கு நம்பிக்கை வர்றதில்ல. கீழ ஃப்ரிட்ஜ்ல வெச்சா தான் கேக்கும் பிரெட்டும் சீக்கிரம் காஞ்சு போகும், அந்த குளிர்ல மாவுச்சத்து வேகமா இறுகும். ஃப்ரீசரோட மைனஸ் 18ல அது கிட்டத்தட்ட நின்னுடும். முழுசா ஆறினப்புறம் துண்டு போட்டு, ஒவ்வொண்ணையும் பட்டர் பேப்பர்ல சுத்தி அப்புறம் கவர்ல. சூட்டோட வெச்சா உள்ள நீராவி ஐஸாகி கேக் நசநசத்துடும். கவர் ரெண்டு சுத்து இருக்கணும், நம்ம ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு, மல்லிப்பூ, மீன் எல்லாம் ஒரே குடும்பமா இருக்கும், வெண்ணெய் எண்ணெய் போட்ட பண்டம் எந்த வாடையையும் இழுத்துக்கும். எடுக்கும்போது பேப்பரை பிரிக்காம உருக விடுங்க, வேர்க்கறது பேப்பர் மேலயே நிக்கும். காலைல பசங்க டிபன் பாக்ஸ்ல அப்படியே வெச்சா இன்டர்வெல்லுக்குள்ள மெத்துனு ஆயிடும். குக்கீஸ்னா மாவையே உருண்டை பிடிச்சு உறைய வெச்சு, வேணும்போது நேரா அவன்ல வெக்கலாம், ரெண்டு நிமிஷம் கூட ஆகும். ஃப்ரெஷ் கிரீம் போட்ட கேக் மட்டும் வேண்டாம், தண்ணி விட்டுடும்.

எல்லா கவர் மேலயும் மார்க்கர்ல பேர், அளவு, மாசம் எழுதுங்க. உறைஞ்சப்புறம் பப்பாளியும் மாம்பழமும் ஒண்ணு போல தான் தெரியும்.

கடைசியா கரண்ட் விஷயம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ சென்னைல பல ஏரியால நாள் கணக்குல கரண்ட் இல்ல. ஃப்ரீசர் நிறைஞ்சு இருந்து கதவையும் திறக்காம இருந்தா ரெண்டு நாள் வரைக்கும் தாங்கும்னு சொல்வாங்க, பாதி தான் இருந்தா ஒரு நாள், நம்ம வெயிலுக்கும் சின்ன ஃப்ரிட்ஜுக்கும் அதுல கொஞ்சம் குறைச்சே வெச்சுக்கோங்க. காலி இடத்துல தண்ணி பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி வெச்சா அதுவே ஐஸ் பெட்டி. கரண்ட் வந்தப்போ அரைச்சு வெச்ச பழக்கூழ்ல இன்னும் ஐஸ் நறநறன்னு இருந்தா அப்படியே விட்டுடலாம். உருகி ஆனா சில்லுனு இருந்தா அன்னிக்கே சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் போட்டு கிண்டி ஜாம் ஆக்கிடுங்க, கேக்கை பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து தீத்துடுங்க.