எட்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து வெம்ப்லிக்கு

2016 மே 22 அன்று லண்டன் வெம்ப்லி மைதானத்தில் நடந்த எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) வேஸ் கோப்பை இறுதிப் போட்டியில் எங்கள் ஹெரிஃபோர்ட் அணி மார்பெத் டவுன் அணியிடம் 4-1 என்ற கோல் கணக்கில் தோற்றது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதாயிரம் பேர் அளவில் வாழும் ஒரு சிறு நகரத்திலிருந்து ஏறக்குறைய இருபதாயிரம் பேர் அந்தப் போட்டிக்குப் போனோம். ஏன் போனோம் என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இங்கிலாந்துக் கால்பந்தில் முதல் நான்கு பிரிவுகளுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ‘நான்-லீக்’ என்பார்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் ஆட்டக்காரர்கள் நிறைந்த உலகம் அது. அதன் மேல்தட்டு அணிகளுக்கு எஃப்.ஏ. டிராஃபி என்றும், கீழ்த்தட்டு அணிகளுக்கு எஃப்.ஏ. வேஸ் என்றும் இரண்டு கோப்பைகள் இருக்கின்றன. வேஸ் 1974-75 பருவத்தில் தொடங்கப்பட்டது. லீக் வரிசையில் மேலிருந்து எண்ணினால் ஒன்பதாம், பத்தாம் படிகளில் ஆடும் ஒரு அணி வெம்ப்லியின் புல்லை மிதிக்க வேண்டுமென்றால் அதற்கு இருக்கும் நடைமுறை வழி இந்தக் கோப்பை ஒன்றுதான்.

நாங்கள் ஒன்பதாம் படியில் இருந்ததற்குக் காரணம் உண்டு. 1924-இல் தொடங்கப்பட்ட ஹெரிஃபோர்ட் யுனைடெட், 1972 பிப்ரவரியில், பெரிய அணிகளும் சிறிய அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் முதல் பிரிவு அணியான நியூகாசிலை எங்கள் எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்தில் 2-1 என்று வீழ்த்திய அணி. சேற்றில் புதைந்த ஆடுகளத்தில் ரானி ராட்ஃபோர்ட் வெகு தூரத்திலிருந்து உதைத்த அந்தப் பந்தை இன்றும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அப்படிப்பட்ட அணி 2014-ஆம் ஆண்டுக் கோடையில் கடன் காரணமாகத் தன் லீகிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்தக் கோடையில் பொறுப்புக்கு வந்தவர்கள்மீது நம்பிக்கை இழந்த ரசிகர்களில் பலர் மைதானத்துக்கே போகாமல் புறக்கணித்தார்கள். நானும் போகவில்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கனமான காரியம் என்பதை அந்த மாதங்களில்தான் அறிந்துகொண்டேன். அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் கழகத்தைக் கலைக்க உத்தரவிட்டது.

தொண்ணூறு ஆண்டுக் கழகம் ஒரே நாளில் இல்லாமல் போனது. ஆனால் மைதானம் ஹெரிஃபோர்ட்ஷயர் உள்ளாட்சி மன்றத்தின் சொத்து என்பதால் அது பிழைத்தது. ஊர்க்காரர்களும் ரசிகர் அறக்கட்டளையும் சேர்ந்து ஹெரிஃபோர்ட் எஃப்.சி. என்ற புதிய கழகத்தை அங்கேயே எழுப்பினார்கள். புதிய சின்னத்தில் ‘என்றென்றும் யுனைடெட்’ என்ற சொற்களைப் பொறித்தார்கள். 2015-இல் மைதானத்தைச் சீர்செய்ய ஆள் கேட்டபோது, ஓய்வுபெற்றவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் துடைப்பமும் பெயின்ட் டப்பாவுமாக வந்து நின்றார்கள். மெடோ எண்ட் படிக்கட்டுகளில், நின்று பார்ப்பவர்கள் சாய்ந்துகொள்ளும் இரும்புக் கம்பிகளில் துரு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர், தாம் சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு நின்ற கம்பியைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் இரண்டு முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே பெயின்ட் அடித்தார். ஒரு கழகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அவருடைய கைகள்தான் நினைவுக்கு வரும்.

அந்த முதல் பருவத்தில், ஒன்பதாம் படியான மிட்லண்ட் லீகில் சில நூறு பேரைத் தாண்டாத கூட்டத்துக்குப் பழகிய ஊர்களுக்கெல்லாம் நாங்கள் பெருங்கூட்டமாகப் போனோம். சில ஊர்களில் தேநீர்க் கடைகளில் ரொட்டி தீர்ந்துபோகும். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை, அந்தச் சிறு கழகங்களுக்கு அது நல்ல வரும்படி. பீட்டர் பீடில் பயிற்றுவித்த அணி லீகை வென்றது. வேஸ் அரையிறுதியில் இரண்டு ஆட்டங்களில் சால்ஸ்பரியைச் சந்தித்தோம். அவர்களும் எங்களைப் போலவே பழைய கழகம் மறைந்து புதிதாகப் பிறந்தவர்கள். அவர்களை வென்றபோது மகிழ்ச்சியோடு ஒரு சங்கடமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இறுதிப் போட்டியன்று விடியற்காலையிலிருந்தே ஊரிலிருந்து பேருந்துகள் கிளம்பின. நண்பகலைச் சற்றுத் தாண்டி ஆட்டம் தொடங்கியபோது வெம்ப்லியின் ஒரு பக்கம் முழுவதும் வெள்ளையும் கறுப்புமாக இருந்தது. இரண்டாம் நிமிடத்திலேயே ராப் பர்டி கோல் அடித்தார். அவர் பழைய யுனைடெட்டுக்கு ஆடியவர். இறந்துபோன கழகத்தையும் பிறந்த கழகத்தையும் தம் உடம்பிலேயே இணைத்துக்கொண்டிருந்த அவரே அந்தக் கோலை அடித்ததில், என்னைச் சுற்றி நின்ற வளர்ந்த ஆண்கள் வெட்கமில்லாமல் அழுதார்கள். பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார், பேச்சு வரவில்லை.

பிறகு மார்பெத் ஆடத் தொடங்கியது. அவர்கள் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நார்தம்பர்லண்டைச் சேர்ந்த சிற்றூர் அணி. ஆனால் அவர்கள் ஆடிய நார்தர்ன் லீகின் அணிகள்தான் முந்தைய ஏழு ஆண்டுகளில் ஆறு முறை வேஸை வென்றிருந்தன. சமநிலைக் கோலை அடித்தவர் கிறிஸ் ஸ்வெயில்ஸ். 45 வயதுத் தடுப்பாட்டக்காரர், இதயச் சிகிச்சைகளுக்குப் பிறகும் ஆட்டத்தை விடாதவர். கோல் வாசலருகே நெரிசலில் அவர் எப்படியோ உள்ளே தள்ளிவிட்ட பந்து அது. இடைவேளைக்குப் பின் ஆட்டம் தொடங்கிய கையோடு லூக் கார் இரண்டாவது கோலைப் போட்டார். பிறகு ஷான் டெய்லர், கடைசி நிமிடங்களில் ஷான் பெல்.

இவ்வளவு பெரிய கூட்டத்தின் எதிர்பார்ப்பே எங்கள் ஆட்டக்காரர்களை அழுத்திவிட்டது என்று பின்னர் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று மார்பெத் எங்களைவிட வேகமாக ஓடியது, பந்தை எங்களைவிடத் துணிவாக முன்னே கொண்டுபோனது. தோல்விக்கு நம் அன்பைக் காரணம் காட்டுவது வென்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஸ்வெயில்ஸும் அவர் தோழர்களும் கோப்பையை வாங்கப் படியேறியபோது, நாங்கள் இருந்த பகுதியில் பெரும்பாலோர் வெளியேறாமல் நின்று கைதட்டினார்கள்.

அன்று மாலை அதே மைதானத்தில் டிராஃபி இறுதிப் போட்டியும் இருந்தது. ஹாலிஃபாக்ஸ் 1-0 என்று கிரிம்ஸ்பியை வென்றது. ஹாலிஃபாக்ஸின் பழைய கழகமும் 2008-இல் மூடப்பட்டு மறுபடி எழுந்ததுதான். இரண்டு போட்டிகளுக்கும் சேர்த்து வந்தவர்கள் 46,781 பேர். பெரிய கழகம் ஒன்றும் ஆடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அத்தனை பேர்.

திரும்பும் பேருந்தில் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு ஆக்ஸ்ஃபோர்ட் வரும்வரைதான் நீடித்தது. அதன் பிறகு, எட்டாம் படியில் எந்தெந்த ஊர்களுக்குப் போக வேண்டியிருக்கும், எங்கே நல்ல ‘பை’ (இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம்) கிடைக்கும், பருவச் சீட்டு எப்போது விற்பனைக்கு வரும் என்றே எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் லீகை வென்று ஆறாம் படிக்கு ஏறினோம். 2021 மே மாதம் டிராஃபி இறுதிப் போட்டிக்காக மீண்டும் வெம்ப்லி சென்று, முதல் கோலை நாமே அடித்து, எங்களைவிட ஒரு படி கீழே இருந்த ஹார்ன்சர்ச்சிடம் 3-1 என்று தோற்றோம். வெம்ப்லியில் நாங்கள் இன்னும் ஒரு கோப்பையையும் தூக்கவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் டிராஃபிக்கான குலுக்கல் அறிவிக்கப்படும் நாளில் பெரியவரும் நானும் எதிரணி யாரென்று முதலில் பார்க்கிறோம், பிறகு அந்த ஊருக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம்.