ஏதென்ஸில் யார் பிரஜை? உரோமில் யார்?

"பெண்களும் அடிமைகளும் அந்நியரும் பிரஜைகள் அல்லர்." உயர்தர வகுப்பு மாணவர்களின் நோட்டுகளில் கிரேக்கம் பற்றி வழக்கமாக வரும் வரி இது. பாதிதான் சரி. ஏதென்ஸில் பெண்ணுக்கு வாக்கும் இல்லை, பதவியும் இல்லை. ஆனால் கி.மு. 451இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாயும் பிரஜைக் குடும்பத்தில் பிறந்தவளாக இருந்தால்தான் மகன் பிரஜை. பிரஜைப் பெண் என்று ஒருத்தி இல்லாமல் அந்தச் சட்டம் ஓடவே ஓடாது.

எங்கள் இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண்வழியில் பிறந்த இடத்தைக் கேட்டது. ஏதென்ஸ் இடத்தைக் கேட்கவில்லை, பெற்றோரின் தகுதியைக் கேட்டது. ஏழு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தாலும் அந்நியன் அந்நியனே. இப்படியே பின்னால் போனால் ஊரை நிறுவிய முதல் ஆட்களின் தகப்பன் யார் என்று அரிஸ்டாட்டில் கேட்டார். அவரே ஏதென்ஸில் பிரஜை அல்லாத குடியிருப்பாளர்தான்.

பதிவு நடந்த விதம் இது. ஏதென்ஸும் அதைச் சூழ்ந்த நாட்டுப்புறமும் சேர்ந்த அத்திக்கா முழுவதும் 139 ஊர்ப்பிரிவுகள். ஆண் பிள்ளைக்கு 18 வயதானதும் தகப்பனின் ஊர்ப்பிரிவுக்காரர்கள் கூடி, உறுதிமொழி எடுத்து, இரண்டு விஷயங்களில் வாக்களிப்பார்கள்: வயது சரியா, சுதந்திரனாகச் சட்டப்படி பிறந்தவனா. வயது போதாது என்றால் திருப்பி அனுப்புவார்கள். சுதந்திரன் அல்லன் என்று தள்ளினால் நீதிமன்றம் போகலாம்; அங்கும் தோற்றால் அரசே அவனை அடிமையாக விற்றுவிடும். வென்றால் ஊர்ப்பிரிவு அவனைப் பதிந்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகு ஐந்நூற்றுவர் சபை மறுபடி பார்க்கும். வயது குறைந்தவனைச் சேர்த்திருந்தால் அபராதம் சேர்த்தவர்களுக்கு.

ஊர்ப்பிரிவு வம்சவழியாக வருவது, குடியிருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. மலையகத்து மஸ்கெலியாவில் பெயர் பதிந்த குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொழும்பில் இருந்தும் பிள்ளையைப் பதிய மஸ்கெலியாவுக்கே வரவேண்டும் என்றால் எப்படி, அப்படி.

இதில் ஓட்டை எங்கே? பெண்ணின் பெயர் ஊர்ப்பிரிவுப் பதிவேட்டில் ஏறாது. தாயின் தகுதியைத் தாய்வழி உறவினர்களின் சாட்சியை வைத்துத்தான் நிறுவவேண்டும். ஆகவே ஒருவனைப் பிடிக்காதவர்கள் தாயைத்தான் தாக்குவார்கள். கி.மு. 346/5இல் எல்லா ஊர்ப்பிரிவுகளும் பதிவேட்டை மறுபடி சரிபார்த்தபோது ஹலிமூஸ் என்ற ஊரில் யூக்ஸிதியஸ் என்பவர் நீக்கப்பட்டார். மேன்முறையீட்டில் அவர் பேசுவதற்குப் பேச்சாளர் டெமொஸ்தெனிஸ் எழுதிக்கொடுத்த உரை இன்றும் இருக்கிறது. தாய் சந்தையில் நாடா விற்றவள், அடுத்தவர் பிள்ளைக்குப் பால்கொடுத்தவள், ஆகவே பிரஜைப் பெண்ணாக இருக்க முடியாது என்றார்கள். தகப்பன் போரில் பிடிபட்டு வெளியூரில் விற்கப்பட்டு, நெடுநாள் கழித்துத் திரும்பியவர். பேச்சில் அந்நிய வாடை அடித்ததாம். வறுமையைச் சாட்சியாக நிறுத்தும் இந்த வழக்கு தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

வாக்கெடுப்பு நடந்த இலட்சணத்தையும் அவரே சொல்கிறார். அன்று உறுதிமொழி எடுத்தவர்கள் 73 பேர். இவருடைய பெயரை இருட்டிய பிறகு கடைசியாக அழைத்தார்கள். அப்போது மிஞ்சியிருந்தவர்கள் 30 பேருக்கு மேல் இல்லை. எண்ணிப் பார்த்தால் 60க்கும் மேல் வாக்குகள்! எதிராளியின் தகப்பன் ஊர்த்தலைவராக இருந்த காலத்தில் பதிவேடே தொலைந்துபோய், எல்லாரையும் மறுபடி சோதித்த கதையும் அதில் உண்டு.

பிரஜை அல்லாத சுதந்திரக் குடியிருப்பாளர் 'மெட்டிக்'. ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா வரி, தனியாக வாழும் பெண்ணுக்கு 6. பொறுப்பேற்க ஒரு பிரஜை வேண்டும். போருக்கும் போகவேண்டும். தனிச் சலுகை கிடைத்தாலொழிய காணி வாங்க முடியாது.

ஸ்பார்ட்டாவில் பிறப்பு மட்டும் போதாது. பொதுப் பந்திக்கு மாதாமாதம் வாற்கோதுமை மா, வைன், பாற்கட்டி, அத்திப்பழம் கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாமற்போனால் பிரஜாவுரிமையும் போகும். கடைசியில் ஆள் பஞ்சம் வந்ததில் வியப்பில்லை.

உரோம் வேறு மாதிரி. முறைப்படி விடுதலையான அடிமையும் பிரஜையாவான். கிரேக்கர்களையே வியக்கவைத்த விஷயம் இது. நீதிவான் முன்னிலையிலோ, குடிமதிப்பிலோ, உயிலிலோ விடுவிக்கவேண்டும். கி.பி. 4ஆம் ஆண்டுச் சட்டப்படி, விடுவிக்கும் எஜமானுக்கு 20 வயதும் அடிமைக்கு 30 வயதும் ஆகியிருக்கவேண்டும், விதிவிலக்குகள் தவிர. இதைப் பார்த்து உரோமைத் தாராள மனது என்று புகழ்ந்துவிடக்கூடாது. விடுதலையானவனுக்கு உயர் பதவி கிடையாது, அவனுடைய மகனுக்குத்தான். 35 வாக்குப் பிரிவுகளில் விடுதலையானோரைப் பெரும்பாலும் நகரப் பிரிவுகள் நான்கில் அடைத்துவைத்ததால் அவர்களின் வாக்குக்கு எடையும் குறைவு.

தாள் இல்லாதவன் என்ன செய்வது? தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயரும் பிறப்பு அத்தாட்சியில் இன்னொரு பெயருமாக அலைந்த குடும்பங்கள் ஆர்க்கியஸ் வழக்கைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். உரோமப் பிரஜாவுரிமை பெற கி.மு. 89ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று நிபந்தனைகள் விதித்தது: உரோமின் நட்பு நகரம் ஒன்றில் பதிவு, இத்தாலியில் வசிப்பு, 60 நாட்களுக்குள் பிரேட்டர் என்ற உரோம நீதி அதிகாரியிடம் பெயர் கொடுத்தல். ஹெராக்ளியா என்ற நட்பு நகரில் பதிந்திருந்த கவிஞர் ஆர்க்கியஸ்மீது கி.மு. 62இல் வழக்கு வந்தபோது அந்த ஊரின் ஆவணக் காப்பகம் போரில் எரிந்துபோயிருந்தது. அவருக்காக வாதாடிய சிசரோ ஹெராக்ளியாவிலிருந்தே ஆட்களை வரவழைத்துச் சாட்சி சொல்லவைத்தார். குடிமதிப்பில் ஏன் பெயர் இல்லை என்ற கேள்விக்கு, அப்போது ஆர்க்கியஸ் உரோமத் தளபதி லூக்குல்லஸின் படையோடு வெளிநாட்டில் இருந்தார் என்பது பதில். எரிந்துபோன தாளைக் கேட்கிறீர்கள், உயிரோடு நிற்கும் சாட்சியை ஏற்க மறுக்கிறீர்கள் என்பதே வாதத்தின் சாரம்.

கி.பி. 212இல் உரோமப் பேரரசர் கரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறத்தாழ எல்லாருக்கும் பிரஜாவுரிமை கொடுத்தார். பிரஜைகள்மீதிருந்த மரபுரிமை வரியை 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்த்தியவரும் அவரே. வரிக்காகத்தான் கொடுத்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அதற்குள் சட்டம் மேலோர், கீழோர் என்று பிரிந்திருந்தது. விசாரணையின்றிப் பிரஜையைச் சவுக்கால் அடிக்கக்கூடாது என்ற பழைய காப்பு கீழோருக்குப் பெரிதாக உதவவில்லை.