லாச்சிக்குள்ள கிடந்த துண்டு

அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ எழுதி 1843ல வெளிவந்த "த டெல்-டேல் ஹார்ட்" கதை ஒரு நாலைஞ்சு பக்கம்தான் வரும். கொழும்பு மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில வாங்கின ஒரு தொகுப்பிலதான் முதல்ல வாசிச்சன், அப்ப அது எனக்கு ஒரு பேய்க்கதை மாதிரித்தான் இருந்தது. பிறகு நாலாம் குறுக்குத் தெருவில ஒரு மொத்தக் கடைக்குக் கணக்கெழுதப் போய், ஒரு பிழை விட்டு, அதை மறைச்சு, எல்லாம் முடிஞ்ச பிறகு திரும்ப எடுத்து வாசிச்சன்.

பிழை இதுதான். ஒரு பின்னேரம் 12 மூட்டை பருப்பு லொறியில ஏறிப் போச்சு, டெலிவரி நோட் என்ர கைக்கு வந்தது, நல்ல மழை, தெருவெல்லாம் தண்ணி, வீட்ட போற அவசரத்தில துண்டை லாச்சிக்குள்ள போட்டிட்டு கொப்பியில பதியாமலே பஸ் ஏறிட்டன். மாசக் கடைசியில ஸ்டொக் எண்ணேக்க 12 மூட்டை குறையுது. ஸ்டோர்ஸ் சாவி ஹட்டன் பக்கத்து ஐயா ஒருத்தரிட்ட இருந்தது, அதால கேள்வியெல்லாம் அவரிட்டத்தான் போச்சு. அண்டைக்கே லாச்சியைத் திறந்து பாத்தன். துண்டு கிடக்குது, ஒரு மூலை மழையில ஊறிக் காஞ்சு மை பரவியிருக்கு, ஆனா 12 எண்டது வடிவாத் தெரியுது. திரும்ப மூடிட்டன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம், பயம்.

ஓடிட்டுக்கு ரெண்டு பேர் வந்தாங்கள். நானே கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்ரீ எடுப்பிச்சுக் குடுத்து, கிரிக்கெட் எல்லாம் கதைச்சன், என்ர முழங்கால் அந்த லாச்சியில முட்டிக்கொண்டே இருந்தது.

போவின்ர கதையில கதை சொல்லுறவனும் இதைத்தான் செய்யிறான். ஏழு ராத்திரி ஒரு கிழவன்ர அறைக் கதவைத் திறந்து பாத்து, எட்டாம் ராத்திரி கொலை செய்து, உடம்பை மூண்டு பலகையைக் கிளப்பி அதுக்குக் கீழ மறைச்சிட்டு, விடிய நாலு மணிக்கு மூண்டு பொலிஸ்காரர் வரேக்க சிரிச்சு உள்ள கூப்பிட்டு, தன்ர கதிரையை அந்தப் பலகைக்கு மேலயே போட்டு இருக்கிறான். அவங்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கிற மாதிரித் தெரியேல்ல, சும்மா ஊர்க்கதை கதைக்கிறாங்கள். அவனுக்குத்தான் பஞ்சில சுத்தின மணிக்கூடு மாதிரி ஒரு சத்தம் கேக்கத் தொடங்குது, அது கூடிக்கொண்டே போகுது. அது செத்த கிழவன்ர நெஞ்சுத் துடிப்பெண்டு நினைச்சு, கடைசியில தானே ஒத்துக்கொள்ளுறான்.

எல்லாரும் அதை மனச்சாட்சி எண்டுதான் சொல்லுவினம். நானும் அப்பிடித்தான் நினைச்சன். ரெண்டாந்தரம் வாசிக்கேக்கதான் ஒண்டு கண்ணில பட்டுது. அந்தக் கிழவனில தனக்கு அன்பு இருந்தது, அவர் தனக்கு ஒரு கெடுதலும் செய்யேல்ல எண்டு தொடக்கத்திலேயே சொல்லுறவன், கொலைக்குப் பிறகு "ஐயோ அந்த மனிசன்" எண்டு ஒரு வசனம் சொல்லேல்ல. ஒத்துக்கொள்ளேக்கயும் பொலிஸ்காரரைத்தான் ஏசுறான், நடிக்காதேங்கோ எண்டு. அவனுக்குச் சத்தம் நிக்க வேணும், அவ்வளவுதான்.

எனக்கு நெஞ்சு பக்கெண்டு போச்சு. ஏனெண்டா துண்டை மறைச்சு வைச்சிருந்த அந்த 16 நாளும் வெள்ளவத்தை போர்டிங்கில நித்திரை வராம, சாப்பாடு இறங்காம கிடந்ததை நான் குற்ற உணர்ச்சி எண்டு நினைச்சிருந்தன், அதுக்குள்ள எனக்கு என்மேலயே ஒரு இரக்கமும் இருந்தது. ஐயாவுக்கு அட்வான்ஸ் நிப்பாட்டினவங்கள். எல்லாரோடயும் இருந்து சாப்பிடுற மனிசன் சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு தனிய சீனி மூட்டைகளுக்குப் பின்னால போகத் தொடங்கினார். அதை ஒவ்வொரு நாளும் கண்ணால கண்டன். கண்டும் என்ர யோசனை, இவர் என்ர முகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவாரோ எண்டதுதான்.

கடைசியில சொன்னதும் அவருக்காக இல்ல. முதலாளி வேற ஏதோ பில்லைப் பற்றிக் கேக்கத்தான் கூப்பிட்டவர். நான் "என்னைத்தான் சந்தேகப்படுறீங்கள் எண்டு தெரியும் சேர்" எண்டு கத்தி, துண்டை எடுத்து மேசையில வைச்சன். அவருக்கு ஒண்டும் விளங்கேல்ல. வேலை போகேல்ல, நல்லா ஏச்சு விழுந்தது. பருப்பு எடுத்தவர் காசு கட்டினார், ஐயாவுக்கும் அட்வான்ஸ் கிடைச்சுது.

ஐயா அந்தத் துண்டை வாங்கி, வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு, திகதியைப் பாத்தார். "அன்னைக்கு மழைதானே தம்பி, அதான் மறந்துட்டீங்க" எண்டு சொல்லிட்டு ஸ்டோர்ஸுக்குள்ள போயிட்டார்.

அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் ஒண்டா வேலை செய்தம். நித்திரை இல்லாமக் கிடந்த என்ர கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பன், சீனி மூட்டைக்குப் பின்னால இருந்த அந்த 16 நாளைப் பற்றி அவரிட்ட ஒருக்காலும் கேக்கேல்ல.