டிராகன் ஏஜ் 2: ஒண்ணையும் தடுக்க முடியாத ஹீரோ

டிராகன் ஏஜ் 2 பேச்ச எடுத்தாலே ரெண்டு கட்சி பிரிஞ்சிடும். பயோவேர்ங்கற கம்பெனி பண்ணி 2011 மார்ச்ல வந்த வீடியோ கேம், சண்டை இன்னும் ஓயல. ரிவ்யூ எழுதறவங்க மெட்டாக்ரிட்டிக்ல (ரிவ்யூ மார்க்க தொகுக்கற சைட்) நூத்துக்கு 80-ஐ ஒட்டி மார்க் போட்டிருக்காங்க, அதே பக்கத்துல காசு குடுத்து வாங்கி ஆடினவங்க போட்ட மார்க் பத்துக்கு அஞ்சு கூட தேறல. எனக்கு இந்த கேம் ரொம்ப பிடிக்கும், பயோவேர் பண்ணதுலயே தைரியமான கதை இதுதான்னு அடிச்சு சொல்வேன். ஆனா கோவப்பட்டவங்கள விவரம் தெரியாதவங்கன்னு ஒதுக்கிடறத என்னால ஏத்துக்க முடியாது.

ஏன்னா கண்ணுக்கு நேரா தெரியற குறைகள் இருக்கு. முதல் பாகம் ஒரிஜின்ஸ் வந்தது 2009 நவம்பர், இது வந்தது பதினாறே மாசத்துல. அவ்ளோ பெரிய ஆர்பிஜிக்கு (ஒரு பாத்திரமா இருந்து முடிவெடுத்து ஆடற கேம்) அது பத்தவே பத்தாது, அது குகைக்குள்ள போனா உடனே தெரிஞ்சிடும். கடற்கரைல ஒரு குகை, மலைல ஒரு குகை, ஊருக்கு வெளிய இன்னொரு குகைன்னு பேரு மாறுமே தவிர உள்ள போனா அதே வளைவு அதே படிக்கட்டு, சில வழிய மட்டும் கல்லு வச்சு அடைச்சிருப்பாங்க, மினிமேப்ல பாத்தா அடைச்ச பகுதியும் சேர்ந்தே வரைஞ்சிருக்கும், அதக்கூட மறைக்க நேரம் கிடைக்கல. சண்டையும் அப்படித்தான், நாலு பேர பாத்து பாத்து நிறுத்தி பிளான் போட்டு முடிக்கறப்ப புதுசா ஒரு கூட்டம் கூரைலேர்ந்து குதிச்சு நேரா நம்ம மேஜ் (மந்திரவாதி) முதுகுக்கு பின்னாடி வந்து நிக்கும், அப்புறம் பிளானுக்கு என்ன மரியாதை? ஒரிஜின்ஸ பிசில கேமராவ மேல தூக்கி வச்சு செஸ் மாதிரி ஆடினவங்களுக்கு இது அவமானமாவே பட்டிருக்கும்.

அதோட ஒரிஜின்ஸ்ல மனுஷன், எல்ஃப், ட்வார்ஃப்னு எந்த இனமும் எடுத்துக்கலாம், ஆறு விதமான ஆரம்பம்னு இருந்தத இங்க அப்படியே சுருக்கிட்டாங்க. நீங்க ஆடற ஹீரோ ஹாக், மனுஷன்தான், குடும்பப் பேரு அவங்க வச்சதுதான், குரலும் அவங்க குடுத்ததுதான். ரிவ்யூ எழுதறவங்க இத தனி கேமா எடுத்து பாத்தாங்க, ஃபேன்ஸ் ஒரிஜின்ஸோட தொடர்ச்சின்னு பாத்தாங்க. மார்க் வித்தியாசத்துல பாதி இதுலயே வந்துடுது.

மீதி பாதிதான் எனக்கு முக்கியம். குகையெல்லாம் புதுசா கட்டிக் குடுத்திருந்தாலும், ஒரு வருஷம் கூடுதலா எடுத்திருந்தாலும், இந்த கேம் ஆளுங்கள பிரிச்சிருக்கும்னு நினைக்கறேன். ஆர்பிஜி ஆடறவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை, நான் சரியா தேர்ந்தெடுத்தா சரியா நடக்கும்னு. இந்த கேம் அந்த நம்பிக்கைய முதல் மணி நேரத்துலயே உடைக்குது. நீங்க ஹாக்க மேஜா எடுத்தா தங்கச்சி பெத்தனி சாவா, வாரியராவோ ரோக்காவோ (மறைஞ்சு தாக்கறவன்) எடுத்தா தம்பி கார்வர் சாவான், க்ளாஸ் செலக்ட் பண்ணும்போது இது உங்களுக்கு தெரியாது, கேட்டும் சொல்ல மாட்டாங்க.

(இனி கதைய சொல்லிடுவேன், ஆடாதவங்க பாத்துக்கோங்க.)

ரெண்டாவது ஆக்ட்ல அம்மா லியாண்ட்ரா. முதல் ஆக்ட்லயே ஊர்ல பொண்ணுங்க காணாம போற ஒரு சின்ன குவெஸ்ட் வரும், காணாம போறவங்களுக்கு வெள்ளை லில்லிப் பூ வருதுங்கறதுதான் துப்பு, நிறைய பேர் முடிச்சிட்டு மறந்திருப்பாங்க. மூணு வருஷம் தாண்டி ஒரு நாள் மாமா கேம்லன் வீட்டுக்கு வந்து அக்கா இன்னும் வரலியேன்னு கேப்பாரு, அப்பதான் வீட்டுக்கு பூ வந்த விஷயம் பேச்சுல வரும், வெள்ளை லில்லி. அந்த ஒரு வரிலயே வயிறு கலங்கிடும். ரத்தத்த பின்தொடர்ந்து ஓடுவோம், யார நம்பினாலும் யார விட்டாலும் யார கொன்னாலும் முடிவு ஒண்ணுதான், இன்னொரு உடம்போட தைச்ச நிலைல அம்மா ஹாக் மடில சாவாங்க. பழைய சேவ் எடுத்து திரும்ப ஆடி பாத்தவங்க எத்தனை பேருன்னு நினைச்சா மனசு கனக்குது, காப்பாத்த வழியே வைக்கல.

கடைசில நம்ம கூட வர்ற மேஜ் ஆண்டர்ஸ் விஷயமும் அதேதான். ஒரு மருந்துக்குன்னு பொய் சொல்லி பொருள் தேடிக் குடுக்கச் சொல்லுவான், நீங்க குடுத்தாலும் மறுத்தாலும் சான்ட்ரிய (அந்த ஊரு கோயில்) வெடிக்க வச்சிடுவான்.

இதத்தான் ஒரு பக்கம் ஏமாத்து வேலைங்கறாங்க, சாய்ஸ்னு சொல்லி வித்துட்டு உள்ள ஒண்ணும் இல்லன்னு. எனக்கு அப்படி படல. கிர்க்வால்னு ஒரே ஊரு, மேஜுங்களும் அவங்கள காவல்ல வச்சிருக்கற டெம்ப்ளருங்களும் வருஷக்கணக்கா புழுங்கிட்டு இருக்காங்க, அதுல அகதியா வந்த ஒருத்தர் என்னத்த தடுக்க முடியும்? ஹாக் எப்படி தாங்கிக்கறான், யாரு கூட நிக்கறான்ங்கறதுதான் நம்ம கைல இருக்கு. அதுக்குத்தான் டயலாக்ல பொறுமை, நக்கல், கோவம்னு மூணு குணம் வச்சிருக்காங்க, நீங்க எத அதிகமா எடுக்கறீங்களோ அதுவே நாளடைவுல ஹாக்கோட இயல்பாயிடும், நீங்க தேர்ந்தெடுக்காத வசனம் கூட அந்த குணத்துலதான் வரும்.

கூட வர்றவங்க விஷயத்துலதான் இந்த கேமுக்கு பக்கத்துல யாரும் வரலன்னு சொல்வேன். ஒரிஜின்ஸ்ல ஒருத்தருக்கு உங்கள பிடிக்காம போயிட்டா கிளம்பிப் போயிடலாம், அதனால எல்லாருக்கும் பிடிச்ச பதிலா தேடிக்கிட்டு, கிஃப்ட் குடுத்துக்கிட்டே ஆடுவோம். இங்க நட்பு ஒரு பக்கம், ரைவல்ரி (முட்டல்) ஒரு பக்கம், ரெண்டுல எது ஏறினாலும் உறவு ஆழமாகும். கூட வர்ற மெரில் பிளட் மேஜிக் (ரத்தத்த வச்சு பண்ற, தடை செஞ்ச மந்திரம்) பண்றா, உடைஞ்ச கண்ணாடிய சரி பண்றேன்னு உயிர குடுக்கறா, நீங்க ஒவ்வொரு தடவையும் கூடாதுன்னு சண்டை போடலாம், அவ விலக மாட்டா, லவ் கூட பண்ணலாம். இன்னொரு கூட்டாளி இசபெலா திருடிட்டு ஓடிப் போனப்புறம் குனாரிங்கற வேற இனத்துப் படை ஊரையே கொளுத்தறப்ப திரும்பி வருவாளாங்கறதும், அவ கூட உங்களுக்கு இருந்த நட்போ முட்டலோ எவ்ளோ தூரம் போயிருக்குங்கறத பொறுத்துதான். நம்மள எதுத்து பேசறவங்களும் நம்மள விட்டுப் போகாதவங்களா இருக்கலாம்னு ஒரு கேம் மெக்கானிக்காவே பண்ணிக் காட்டினது எனக்கு இன்னும் பெரிய விஷயமா தெரியுது.

என்னால தாங்கிப் பேச முடியாத இடமும் ஒண்ணு இருக்கு, மேஜுங்க தலைவர் ஆர்சினோ. மேஜுங்க பக்கம் நின்னு கடைசி வரைக்கும் அவருக்காக போராடினாலும், அந்த ஆளு திடீர்னு பிளட் மேஜிக் பண்ணி பிணக் குவியலா மாறி நம்ம மேலயே பாய்வாரு. அம்மா சாவுல கையாலாகாத்தனத்துக்கு கதைல காரணம் இருந்துது. இங்க அது இல்ல, ஒரு பாஸ் ஃபைட் (பெரிய எதிரியோட சண்டை) வேணும், அவ்ளோதான். முதல் ரெண்டு ஆக்ட்ல சேத்து வச்ச நம்பிக்கைய இந்த ஒரு சீன்ல இழந்த ஃபேன்ஸ் எத்தனையோ பேரு, அவங்க கோவம் நூத்துக்கு நூறு நியாயம்.

2014-ல அடுத்த பாகம் இன்க்விசிஷன் வந்துது, பரந்து விரிஞ்ச மேப், குகைப் பிரச்சனையே இல்ல, ஆனா அதுல மூலிகை பறிச்சிக்கிட்டு திரியறப்ப கிர்க்வால் மேல ஏக்கம் வந்தவங்க நான் மட்டும் இல்ல.

புதுசா ஆடப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சண்டை அலுப்பா இருந்தா டிஃபிகல்ட்டிய கொறச்சுக்கோங்க, தப்பே இல்ல. ஆனா பார்ட்டில (நம்ம குழுவுல) ஆண்டர்ஸயும் ஃபென்ரிஸயும் ஒண்ணா கூட்டிட்டு போங்க, ஒருத்தன் மேஜுங்க விடுதலைக்கு உயிர விடறவன், இன்னொருத்தன் மேஜுங்ககிட்ட அடிமையா கிடந்து தப்பிச்சு வந்தவன். கிர்க்வாலோட லோடவுன் தெருவுல நடக்கறப்ப அவங்களா பேச ஆரம்பிப்பாங்க, அப்ப ஓடாம மெதுவா நடங்க.