எவ்வளவு கேட்கிறார்கள்?

போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அரசு இளநிலை உதவியாளர் போன்ற வேலைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வை எழுத வரும் பிள்ளைகள்தான் அதிகம். சேர்க்க வரும் பெற்றோர் கட்டணம், நேரம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சார், போஸ்டிங்குக்கு எவ்வளவு கேக்கிறாங்க?" என்பார்கள். ஒரு பைசா வேண்டாம், ரேங்க் வந்தால் போதும் என்றால் நம்ப மாட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வை லட்சக்கணக்கானோர் எழுதினார்கள். முடிவு வந்தால், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முதல் நூறு ரேங்குக்குள் கொத்தாக இருக்கிறார்கள். சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையில் விடையைக் குறித்திருக்கிறார்கள். விடைத்தாள் சென்னைக்குப் போகும் வழியில் வேறொரு கை சரியான விடையை நிரப்பியிருக்கிறது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். சரி, தண்டனை கிடைத்தது. ஆனால் "காசு இருந்தால்தான் வேலை" என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது.

அந்தப் பேச்சு செய்யும் கெடுதல் கொஞ்சமில்லை. பையனுக்கென்றால் நிலத்தை அடகு வைத்துப் புரோக்கரைத் தேடுகிறார்கள். பணம் போய், வேலையும் இல்லாமல் அவன் கடனோடு நிற்கிறான். பெண்ணென்றால் அந்தப் பணம் நகையாகிவிடுகிறது. "எப்படியும் கிடைக்காது, எதுக்கு எழுதணும்?" என்று அவள் விண்ணப்பம் போடுவதையே நிறுத்திவிடுகிறாள். வேலையில்லாதோர் கணக்கில் வேலை தேடுபவர்களைத்தான் சேர்ப்பார்கள். தேடுவதை விட்டவள் அந்தக் கணக்கில்கூட வர மாட்டாள். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

முறைகேட்டைக் கண்டுபிடித்து ரத்து செய்தாலும், விலை கொடுப்பது நேர்மையாக எழுதியவர்கள்தான். 2017-ல் நடந்த பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் மதிப்பெண்ணைத் திருத்தியது வெளிவந்து, 2018 பிப்ரவரியில் தேர்வு ரத்தானது. மறுபடி எழுத வாய்ப்பு வந்தது 2021 டிசம்பரில். இடையில் எங்களிடம் குரூப் 4 படிக்க வந்த ஒரு பெண், ரத்தான அந்த விரிவுரையாளர் தேர்வை நன்றாக எழுதியிருந்தவர். திருமணம், குழந்தை, மாமியார் வீடு என்று ஆனபின் பழைய வேகத்தில் படிக்க அவரால் முடியவில்லை. அந்த நாலு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இப்போது குரூப் 4 விடைத்தாளில் எந்தக் கேள்வியையும் காலியாக விட முடியாது. விடை தெரியாவிட்டால் அதற்கென உள்ள 'E' வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். A முதல் E வரை ஒவ்வொரு எழுத்திலும் எத்தனை வட்டம் குறித்தோம் என்று எண்ணி எழுதவும் வேண்டும். யாரோ செய்த திருட்டுக்காக எல்லாப் பிள்ளைகளும் இதைப் பழக வேண்டியிருக்கிறது. இருந்தாலும் நான் இதை விடாமல் சொல்லித் தருகிறேன். ஸ்கேன் செய்த விடைத்தாள் இணையத்தில் வந்ததும், தேர்வாணையம் வெளியிடும் உத்தேச விடையோடு ஒப்பிட்டுத் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம் அதை வீட்டில் அப்பா, அம்மா முன்னால் வைத்து ஒவ்வொரு கேள்வியாகக் காட்டச் சொல்கிறேன், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம்.