12,000 ரூபாய்க்குப் பதினொரு நடை

அக்கா மகளின் கல்லூரி உதவித்தொகைப் பணம் வந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே நான் புலம்புவதைப் படித்துவிட்டு, "நமக்கெதுக்கு இந்த வம்பு" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவீர்கள். விட வேண்டாம். ஆனால் நான் செய்த வரிசையில் செய்யாதீர்கள்.

அக்கா மகள் 2024இல் பிளஸ் டூ முடித்தாள். 600க்கு 541. அக்கா ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் வேலை செய்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் மகாராஷ்டிரா பக்கம்தான். நான் சேலத்தில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. ஆக, காலேஜ் சேர்த்த கையோடு உதவித்தொகை வேலை என் தலையில் விழுந்தது.

எல்லாரும் முதலில் சொன்னது தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டம். மாதம் 1,000 ரூபாய், கேட்கவே நன்றாக இருந்தது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் எட்டாவது வரை மெட்ரிகுலேஷன். கொரோனா சமயத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல்தான் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாறினாள். போச்சு. அடுத்து ஒருவர், கட்டணச் சலுகை கிடைக்கும், முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்கள் என்றார். 60 ரூபாய் கட்டி இ-சேவையில் பதிந்து, வீட்டில் உள்ளவர்களின் டி.சி.யெல்லாம் தேடி எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கட்டணச் சலுகை கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்பில் சேர்பவர்களுக்கு. இவள் சேர்ந்தது பி.எஸ்ஸி. சான்றிதழ் இப்போதும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

கடைசியில் பிடித்தது மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை. இப்போது பி.எம். யு.எஸ்.பி. (PM-USP) என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குத் தருகிறார்கள், அதில் பாதி பெண்களுக்கு. இளநிலைப் பட்டப்படிப்பின் முதல் மூன்று வருடம் வருடத்துக்கு 12,000. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கக் கூடாது. மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைக்கும் போட்டுவிட்டு இதற்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும். மார்க் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். 80 பர்சண்ட் இல்லை, 80 பர்சண்டைல். அந்த வருடம் உங்கள் போர்டில், உங்கள் பிரிவில் பாஸானவர்களை வரிசையாக நிறுத்தினால் முதல் இருபது சதவீதத்துக்குள் வர வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையன் 82 சதவீதம் வாங்கிவிட்டு நமக்கு உறுதி என்று இருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் முதலில் ஓ.டி.ஆர். எடுக்க வேண்டும், அதாவது ஒருமுறைப் பதிவு. ஆதார் எண் போட்டேன். ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. எந்த நம்பருக்கு? கடைசி நாலு எண்ணைப் பார்த்தேன், மாமா நம்பர். இவள் ஆதாரில் சின்ன வயதில் அவர் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

"மாமா, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க."

"மாப்ள, வண்டியில இருக்கேன். நாக்பூர் தாண்டிட்டேன். அஞ்சு நிமிஷத்துல ஓரம் கட்டிட்டுச் சொல்றேன்."

அஞ்சு நிமிஷத்தில் அவர் ஓரம் கட்டினார். அதற்குள் ஓ.டி.பி. காலாவதி. மறுபடி அனுப்பினால் அவர் வண்டி நகர்ந்துவிட்டது, சிக்னல் இல்லை. மூன்றாவது முறை எண் சரியாக வந்தது, அவர் படித்துச் சொல்லும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டார். பிரவுசிங் சென்டரில் எனக்குப் பின்னால் வரிசை. அன்றைக்கு விட்டுவிட்டு வந்து, மறுநாள் ராத்திரி அவர் ஒரு டாபாவில் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து முடித்தேன். அதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே ஆதார் சென்டருக்குப் போய் அவர்கள் கையில் இருக்கிற போன் நம்பரைச் சேர்த்துவிடுங்கள். நாங்கள் போனபோது 50 ரூபாய் வாங்கினார்கள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டும்.

ஓ.டி.ஆர்.க்காக போனில் முகத்தைக் காட்டி ஆதாரோடு சரிபார்க்கும் வேலை அவ்வளவு சிரமமில்லை. போனில் இரண்டு ஆப் இறக்க வேண்டும். குழல்விளக்குக்கு நேர் கீழே நின்றால் எடுக்கவில்லை, வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து நின்று கண் சிமிட்டியதும் எடுத்துக்கொண்டது. மற்றபடி படிவம் அரை மணி நேர வேலை.

அதன் பிறகு காலேஜ். போர்ட்டலில் நாம் அனுப்பினால் போதாது, காலேஜில் இதற்கென்று இருக்கும் நோடல் ஆபீசர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. நான் போன் போட்டால் ஆபீஸில், "ஆன்லைன்லதானே அனுப்பிருக்கீங்க, அது தானா போயிரும்" என்றார்கள். போகவில்லை. மூன்று வாரமாக நிலை அப்படியே இருந்தது, காலேஜ் அளவில் நிலுவை. அரை நாள் லீவு போட்டுப் போனேன். நோடல் ஆபீசர் எக்ஸாம் டியூட்டி. அடுத்த வாரம் போனேன், பயிற்சி. மூன்றாவது முறை அக்கா மகளையே காலையில் ஒன்பது மணிக்கு அவர் அறை வாசலில் நிற்கச் சொன்னேன். அவளைப் பார்த்ததும் அவர் சொன்னாராம், "பிரிண்ட் அவுட் குடுக்கவே இல்லையேம்மா, நான் எதை வச்சுப் பார்க்கிறது?"

பிரிண்ட் அவுட் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போனாஃபைடு (காலேஜில் படிக்கிறாள் என்ற சான்று), ஃபீஸ் ரசீது, மார்க் ஷீட், வருமானச் சான்று எல்லாம் நகல் எடுத்து, ஒரிஜினலோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு நாளில் போர்ட்டலில் சிவப்பாக ஒரு வரி: டிஃபெக்ட். காரணம், வருமானச் சான்று தாயார் பெயரில் இருக்கிறதாம், தகப்பனார் பெயரில் வேண்டுமாம்.

அந்த வரியைப் பார்த்ததும் அக்கா அழுதுவிட்டாள். ரிஜெக்ட் என்று நினைத்துவிட்டாள். இரண்டும் வேறு. ரிஜெக்ட் என்றால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். டிஃபெக்ட் என்றால் படிவம் நம்மிடம் திரும்பி வருகிறது, திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் அதற்கும் தேதி உண்டு, யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். தினமும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். நான் பல் விளக்குகிற மாதிரி அதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டேன்.

புது வருமானச் சான்றுக்கு இ-சேவை போனால் மறுபடி மாமா பெயரில் பதிவு, மறுபடி மாமா போனுக்கு ஓ.டி.பி. அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லவில்லை. வி.ஏ.ஓ. நல்ல மனிதர், "லாரி ஓட்டுறவரா, வண்டி சொந்தமா, கூலிக்கா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு அன்றைக்கே மேலே அனுப்பினார். ஆர்.ஐ., தாசில்தார் எல்லாம் ஆன்லைனில் ஒரு வாரத்துக்குள் முடிந்தது. இத்தனையிலும் ஒரு நடைகூட வீணாகாத இடம் தாலுகா ஆபீஸ்தான் என்றால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

திருத்தி அனுப்பினோம். காலேஜ் அனுப்பியது. மாநில அளவில் சரிபார்ப்பு முடிந்தது. அப்புறம் மாதக் கணக்கில் ஒன்றுமில்லை. இது வழக்கமாம், காத்திருக்கத்தான் வேண்டும்.

2025இல் ஒருநாள் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில், அதாவது அரசு அனுப்பும் பணத்தின் நிலையைப் பார்க்கிற தளத்தில் பார்த்தேன். பணம் செலுத்தப்பட்டது என்று இருந்தது. அக்கா மகளுக்குப் போன் போட்டு, "கண்ணு, ட்ரீட் வை" என்றேன். அவள் ஏ.டி.எம்.மில் பார்த்துவிட்டு, "மாமா, 340 ரூபாய்தான் இருக்கு" என்றாள்.

காலேஜ் சேர்ந்தபோது அவளுக்குப் புதுக் கணக்கு தொடங்கியிருந்தோம். தொடங்கும்போதே ஆதார் கொடுத்திருந்தோம். அந்தக் கிளையில் போய்க் கேட்டால், கவுண்டரில் இருந்தவர் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "ஆதார் லிங்க் ஆயிருக்கே சார், பணம் வரலைன்னா அங்க போய்க் கேளுங்க" என்றார். அங்கே என்றால் எங்கே? டெல்லியிலா? இரண்டாவது முறை போனபோது வேறொரு பெண் இருந்தார். அவர்தான் விளக்கினார். கணக்கோடு ஆதார் சேர்ந்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழுகிற கணக்காக என்.பி.சி.ஐ.யில், அதாவது எல்லா பேங்குக்கும் பொதுவான பணப் பரிமாற்ற அமைப்பில், பதிவாகியிருப்பது வேறு. ஒரு ஆதாரை நாலு பேங்கில் கொடுத்திருக்கலாம், ஆனால் அரசுப் பணம் போகும் வாசல் ஒன்றுதான். நாம் படிவத்தில் எந்தக் கணக்கு எண்ணை மனதில் வைத்திருந்தாலும் பணம் அந்த வாசலுக்குத்தான் போகும்.

ஆதார் இணையதளத்தில் உள்ளே போனால் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்று ஒன்று இருக்கிறது. தட்டினேன். வேறு ஒரு பேங்க் பெயர் வந்தது. அக்காவுக்கு அந்தப் பேங்கில் கணக்கே இல்லை, மாமாவுக்கும் இல்லை. அக்கா மகள்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பத்தாவதுல ஸ்கூல்ல எல்லாருக்கும் ஓப்பன் பண்ணாங்களே, அதுவா மாமா?" என்றாள். அதேதான். ஜீரோ பேலன்ஸ் கணக்கு. பாஸ்புக், ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில், அடியில், பழைய கேஸ் புத்தகத்தோடு ஒட்டிக்கொண்டு இருந்தது.

கணக்கு தூங்கிக்கொண்டிருந்தது. நாமாகப் போடுவதும் எடுப்பதும் இல்லாமல் இரண்டு வருடம் கிடந்தால் செயல்படாத கணக்கு என்று வைத்துவிடுவார்கள். போதாததற்கு, தொடங்கியபோது இவள் மைனர். பதினெட்டு முடிந்ததும் புதிதாகக் கே.ஒய்.சி., போட்டோ, கையெழுத்து எல்லாம் கொடுத்து மாற்ற வேண்டுமாம். கார்டியன் யார் என்றால் அக்கா. அக்கா ஆலையில் ஒருநாள் லீவு போட்டு வந்தாள், அன்றைய கூலி போயிற்று.

கவுண்டரில் பழைய கார்டை எடுத்துப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பில் போட்ட கையெழுத்து தமிழில், முழுப்பெயர், கடைசி எழுத்தின் வாலை நீட்டிக் கீழே ஒரு கோடு, கோட்டின் முடிவில் சின்னதாக ஒரு பூ. இப்போது இவள் இங்கிலீஷில் கிறுக்குகிறாள். "கையெழுத்து ஒத்துப்போகலையே" என்றார் அவர். அக்கா மகள் முகம் சிவந்துபோய், அங்கேயே ஒரு பழைய சலான் பின்பக்கத்தில் நாலைந்து முறை எழுதிப் பார்த்தாள். மூன்றாவதில் வால் வந்தது. ஐந்தாவதில் பூவும் வந்தது. மேனேஜர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு, ரெண்டும் போடும்மா" என்று சிரித்தார். புதுக் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து பாஸ்புக் பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் துப்பியதில் மொத்தம் மூன்று வரி. கடைசி வரியில் 12,000. பணம் வந்து ஐம்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

உடனே வாசலைப் புதுக் கணக்குக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் வேண்டாம் என்றார். பணம் வந்து விழுகிற கணக்கை ஒழுங்காக ஓட்டினால் போதும், நடுவில் மாற்றி அது பாதியில் நின்றால் வருகிற பணம் திரும்பிப் போய்விடும் என்றார். சரி என்று விட்டுவிட்டோம். மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாய் போட்டு எடுக்கிறாள், தூங்காமல் இருக்க.

ரினியூவல் தனி வேலை. 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் இருக்க வேண்டும், அதில் பிரச்சினை இல்லை. காலேஜில் நோடல் ஆபீசர் மாறிவிட்டார். புதியவர், பிரிண்ட் அவுட்டை இரண்டு செட் கேட்கிறார். நாங்கள் மூன்று செட் எடுத்து வைத்திருக்கிறோம். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் அதுவும் புதிதாக வாங்க வேண்டும். மாமாவுக்குப் போன் போட்டேன்.

"இந்தூர்ல லோடு ஏத்திட்டு இருக்கேன் மாப்ள. ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பேன், போனைக் கையிலயே வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இ-சேவை மையம் திறக்காது.