குளிர்ப் பகுதியில் சீமை அத்தி: காய்ப்பிலிருந்து கனிவு வரை

குளிர் மிகுந்த பகுதியில் சீமை அத்தி வளர்ப்பவருக்கு, மரத்தை உயிரோடு காப்பதைவிட அடுத்த உறைபனிக்குள் காயைக் கனிய வைப்பதுதான் பெரும்பாடு என்பதை நான் அனுபவத்தில் உணர்ந்திருக்கிறேன். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கினால் கிளைகள் பட்டுப்போகக்கூடும். வேர் பிழைத்திருந்தால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆகவே, புதுக்கிளையிலேயே காய்ப்பதும், மகரந்தம் சேர்க்கும் அத்திக் குளவியின் உதவியின்றிக் கனிவதுமான 'சிகாகோ ஹார்டி' இரகத்தைத் தேர்ந்தெடுத்துத் தொட்டியில் வைத்தேன்.

இலைகள் உதிர்ந்ததும் தொட்டியைச் சூடேற்றப்படாத கொட்டகைக்கு நகர்த்தி, மண் முற்றிலும் வறண்டுவிடாத அளவுக்கு மட்டும் எப்போதாவது நீர் விடுகிறேன். அங்கே 0 முதல் 7 டிகிரி வரை நிலவினால் மரம் உறக்கம் கலையாமல் இருக்கும். அதைவிடச் சூடானால் முன்கூட்டியே துளிர்த்து, வெளிறிய தளிர்கள் வெளியே வந்ததும் வெயிலில் கருகும். அதனால் வசந்தத்தில் முதலில் நிழலில் வைத்து, படிப்படியாகவே வெயிலுக்குப் பழக்குகிறேன்.

கோடையின் தொடக்கத்தில், ஒவ்வொரு கிளையிலும் ஐந்தாறு இலைகள் வந்தவுடன் நுனியைக் கிள்ளிவிடுவதுதான் என் கணக்கில் மிக முக்கியமான வேலை. தாமதமாகக் கிள்ளினால் தாமதமாகவே காய் பிடிக்கும், அந்தக் காய் பனிக்குள் பழுக்காது. கிள்ளும்போது வடியும் வெண்பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் புண்ணாகிவிடும் என்பதால் கையுறை அவசியம்.

காய்கள் பல வாரங்கள் அதே அளவில், கல் போல நின்று பொறுமையைச் சோதிக்கும். பிறகு சில நாட்களிலேயே பருத்து, காம்பருகே கழுத்துத் தொய்ந்து, தோலில் மெல்லிய வெடிப்புகள் ஓடி, சில பழங்களின் அடிக்கண்ணில், அதாவது அடியிலுள்ள சிறு துளையில், தேன்துளி திரளும். பறித்த காய் பிறகு சரியாகப் பழுப்பதில்லை. காம்பில் பால் வடிந்தால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும். இலையுதிர்காலம் நெருங்கியும் பட்டாணி அளவிலேயே நிற்கும் காய்களை, மனம் வராவிட்டாலும், நான் கிள்ளி எறிந்துவிடுகிறேன். மரத்தின் வலு பெரிய காய்களுக்குப் போகட்டும்.